இட்டுக்கினு போறவங்க

ஆரம்பத்தில் எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. திருவள்ளூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் ரத்த வங்கி ஒரு சின்ன அறை. ரெண்டு படுக்கை, ஒரு ஃபிரிட்ஜ், ஒரு மேசை, அப்புறம் நான். ரத்தம் கொடுக்க வந்தவரைத் தவிர வேறு யாரும் உள்ளே வரக் கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தேன். அவள் அதை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். படித்து முடித்துவிட்டு உள்ளே வருவாள்.

"இந்தாம்மா, வெளிய நில்லுங்க. எத்தன தடவ சொல்றது?"

"ஓரமா நின்னுக்கினு போறேன் மேடம். தனியா உட்டா பயந்துக்கும்."

பயந்துகொள்ளும் என்று அவள் சொன்னது முறுக்கு மீசை வைத்த ஒரு வெல்டரை. மனிதர் என்னைப் பார்த்து அசடு வழிந்தார். நான் ஒரு கையில் ஊசியைக் குத்தினேன். அவள் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். "நைனா, ஊசியப் பாக்காத. ஃபேனப் பாரு. உங்க ஊர்ல மழை பேஞ்சுதா, இன்னா நெலவரம்?" என்று பை நிரம்புகிற வரைக்கும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். மீசைக்காரர் அடுத்த முறை தானாகவே வந்தபோது, "அந்த அக்கா வரலியா?" என்று கேட்டுவிட்டுத்தான் படுத்தார்.

அவளுடைய மகளுக்கு ரத்தம் ஊறாது. பெயர் ஏஞ்சல். பிறந்த சில மாதத்திலிருந்தே மாதம் தவறாமல் ரத்தம் ஏற்றித்தான் உயிரோடு வைத்திருந்தார்கள். எங்கள் நிர்வாகத்தின் வழக்கம் ஒன்று இருந்தது. ஒரு பை ரத்தம் வேண்டுமென்றால் பதிலுக்கு ஒரு ஆளைக் கொண்டுவந்து கொடுக்க வைக்க வேண்டும். ஒருமுறை கொடுத்தவர் மறுபடி கொடுக்க மூன்று மாதம் ஆகும். ஆக, அவள் ஓயாமல் ஆள் தேடிக்கொண்டே இருந்தாள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிற கான்ட்ராக்ட் வேலை அவளுக்கு. ஷிப்ட் விடுகிற நேரத்தில் டீக்கடையில் நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்பாள். யாராவது சரி என்று சொல்லிவிட்டால் போதும். அந்த ஆளைப் பெரியபாளையம் பஸ்ஸில் ஏற்றி, அங்கே இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, கையோடு என்னிடம் கொண்டுவந்து சேர்ப்பாள். மற்ற குடும்பங்கள் ஆளுக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதில் பாதிப் பேர் வந்து சேரவே மாட்டார்கள். அவள் அழைத்து வந்த ஒருவர்கூட நடுவில் நழுவியதில்லை. கொடுத்து முடித்ததும் நாஷ்டா வாங்கிக் கொடுத்து, மறுபடி அதே ரெண்டு பஸ்ஸில் கூட்டிப்போய் அவர் தங்கியிருக்கிற ரூம் வாசலில் விட்டால்தான் அவளுக்கு மனசு ஆறும். மறுநாள் மகளோடு வருவாள்.

"ஏங்க்கா, திரும்பிப் போக அவருக்கு வழி தெரியாதா?" என்று ஒருநாள் கேட்டேன். எப்போது அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன் என்பது நினைவில்லை.

"வழி தெரிஞ்சா மட்டும் ஆச்சா மேடம்? எங்க கம்பெனில நாங்க தெனமும் கேட்டாண்ட போய் ஓரமா நிப்போம். சூப்பர்வைசர் வந்து இட்டுக்கினு போனாதான் உள்ள உடுவாங்க. அந்தாளு வராத நாள்ல வெயில்ல நின்னு நின்னு ஊட்டுக்கு வந்துடுவோம். ஒடம்புல தெம்பு கீது, கையில தொடப்பம் கீது, வழியும் தெரியும். இட்டுக்கினு போவ ஆளில்லன்னா இன்னா பண்றது?"

இந்தக் கதையை அவள் சென்னையில் ஏஞ்சலைப் பார்க்கிற ரத்த நோய் டாக்டரிடமும் சொல்லியிருக்கிறாள். அந்த மனிதர் நல்லவர், விளக்கிச் சொல்லத் தெரிந்தவர். மகளுக்கு என்ன நோய் என்பதை அவளுடைய கம்பெனி கேட்டை வைத்தே அவளுக்குப் புரியவைத்துவிட்டார். அதைக் கேட்டபோது எனக்கு, அடடா எவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறார் என்றுதான் தோன்றியது.

நான் படித்தது உயிர்வேதியியல். பிழைப்பு ரத்தப் பையோடு என்று ஆகிவிட்டாலும் படித்தது கொஞ்சம் மிச்சமிருந்தது. ஏஞ்சலின் மரபணுப் பரிசோதனை முடிவை அவள் என்னிடம் நீட்டியபோது அன்று முழுக்க அதையே படித்துக்கொண்டிருந்தேன். நம் செல் ஒவ்வொன்றிலும் புரதம் செய்கிற பொறிகள் ஏராளமாக இருக்கின்றன. ரைபோசோம் என்று பெயர். அந்தப் பொறியே எண்பது போலப் புரதத் துண்டுகளும் சில ஆர்.என்.ஏ. இழைகளும் சேர்ந்து ஆனதுதான். இதில் கூத்து என்னவென்றால், துண்டுகள் தயாராவது உட்கருவுக்கு வெளியே; அவற்றைக் கோத்துப் பொறியாக்குகிற இடமோ உட்கருவுக்கு உள்ளே. ஒவ்வொரு துண்டும் உட்கருவின் சுவரில் இருக்கிற துளை வழியாக உள்ளே போயாக வேண்டும். தானாகப் போகாது. துண்டின் மேல் விலாசம் மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. அதை அடையாளம் கண்டு, பிடித்து, துளையைத் தாண்டிக் கொண்டுபோய் விடுவதற்கென்றே தனிப் புரதங்கள் இருக்கின்றன. உள்ளே போனதும் அங்கிருக்கிற ஒரு சிறு புரதம் வந்து ஒட்டும். பிடி தளரும். துண்டு உள்ளே தங்கிவிடும். கொண்டுவிட்டது வெளியே வந்து அடுத்ததைப் பிடிக்கும். இந்தத் துண்டுகள் பொல்லாத ஒட்டல் வேறு. தனியாக விட்டால் கண்டதிலும் ஒட்டிக் கட்டி தட்டிப் போகும். அதனால் பலவற்றை உருவாகிற கணத்திலேயே ஒரு காவல் புரதம் வந்து அணைத்துக்கொள்கிறது. போய்ச் சேராமல் வெளியே சுற்றுகிற துண்டைச் செல்லே அழித்துவிடும்.

ஏஞ்சலுக்கு அந்த எண்பதில் ஒரே ஒரு துண்டில் கோளாறு. அதற்கான மரபணுவின் ரெண்டு பிரதிகளில் ஒன்று பழுது. பழுதானதிலிருந்து வருகிற துண்டு உள்ளே போய் உரிய இடத்தில் சேர்வதில்லை. நல்ல பிரதியிலிருந்து வருவது பாதி அளவுதான். கை, கால், மூளையெல்லாம் எப்படியோ பாதியை வைத்துச் சமாளித்துக்கொள்கின்றன. ஆனால் எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உருவாகிற இடத்தில் அவசர அவசரமாகப் புரதம் செய்து குவிக்க வேண்டும். அங்கே பாதி போதாது. அணு வளராமலே செத்துப்போகிறது.

அவள் சொன்ன விதம் வேறு. "எங்க பாப்பா ஒடம்புல ஒரு ஆளு கீறாராம் மேடம். வேலைக்கு வந்துட்டாராம். ஆனா கேட்டாண்டயே நிக்கிறாராம். இட்டுக்கினு போறவங்க வந்து பாக்குறாங்களாம், இவரு ஆளு செரியில்லன்னு உட்டுட்டுப் போறாங்களாம். பாவம், எம்மாம் நாளா நிக்கிறாரோ." சொல்லும்போது அவள் கண் கலங்கியது. மகளுக்காகக் கலங்கியதா, அந்த ஆளுக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. "யார்னா ஒருத்தரு உள்ள இட்டுக்கினு போயிட்டா செரியாப் பூடும் மேடம். அவ்ளோதான்."

சரியாகிவிடாது. அந்த ஒரு துண்டை உள்ளே கொண்டுபோக மருந்து எதுவும் கிடையாது. டாக்டரும் அதைச் சொல்லித்தான் இருப்பார். ஆனால் கேட் என்று சொன்ன பிறகு அவள் காதில் வேறெதுவும் விழவில்லை. கேட்டில் நிற்கிற ஆளை எப்படியாவது உள்ளே சேர்க்கலாம் என்பது அவள் வாழ்ந்து பார்த்த விஷயம்.

அப்புறம் ஒரு கோடையில் அவள் கூட்டிவருகிற ஆட்கள் மாறிப்போனார்கள். அதுவரை பீகார், ஒடிசாப் பையன்கள்தான் அதிகம் வருவார்கள். திடமான பையன்கள், ஊசி போட்டால் ரத்தம் மளமளவென்று இறங்கும். இப்போது வந்தவர்கள் எல்லாம் தொப்பையும் நரையுமாக நடுத்தர வயதுக்காரர்கள். ஒருவருக்கு பிரஷர், ஒருவருக்கு சுகர் மாத்திரை, இன்னொருவருக்குப் போன மாதம்தான் மஞ்சள் காமாலை. ஒருத்தர் பின் ஒருத்தராகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஏஞ்சலுக்கு நாள் தள்ளிப்போய் உதடு வெளுத்துவிட்டது. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"உங்களுக்கு என்னக்கா ஆச்சு? இந்தக் கிழங்களை எங்க புடிக்கிறீங்க?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அல்லாரும் பர்மனென்ட் மேடம்."

"என்னது?"

"கான்ட்ராக்ட் பசங்க ரத்தம் ஏத்துனா அதுவும் கேட்டாண்ட போய்தானே நிக்கும்? பர்மனென்ட் ஆளுங்க கார்டக் காட்டிகினு யாரயும் கேக்காம ஸ்ட்ரெய்ட்டா உள்ள போவாங்க. அவங்க ரத்தம்னா அந்தாளையும் கூட இட்டுக்கினு போயிடும்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் வாயில் வந்தது. "அக்கா, இந்தப் பையில இருக்கிற சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாது. ரத்தத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே அது தன் உட்கருவத் தூக்கிப் போட்டுடும். உள்ளேன்னு ஒரு இடமே அதுக்கு இல்ல. கேட்டும் இல்ல, கம்பெனியும் இல்ல. பர்மனென்டாவது, கான்ட்ராக்டாவது! போங்க, போய் ஒரு நல்ல பையனா இட்டுக்கினு வாங்க!"

அவள் ஃபிரிட்ஜைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப இத்தன வருஷமா ஏத்துனதுல ஒண்ணுகூட அந்தாளப் பாத்துருக்காதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மறுநாளே ஒரு ஒடிசாப் பையனோடு வந்துவிட்டாள். வழக்கம்போல அவன் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த நாலு இந்தி வார்த்தையில் அவன் அம்மா நலமா என்று விசாரித்தாள்.

ஏஞ்சல் அம்மாவுக்கு நேர் எதிர். பன்னிரண்டு வயதுக்கு எட்டு வயது உயரம்தான் இருப்பாள், ஸ்டிராய்டு மாத்திரையில் கன்னம் உப்பியிருக்கும், வாய் மட்டும் ஊருக்கே போதும். அம்மா எங்கும் தனியாக விடாததுதான் அவளுக்குப் பெரிய குறை. ஸ்கூல் வாசல் வரை அம்மா, கடைக்கு அம்மா, பக்கத்து வீட்டுக்குக்கூட அம்மா. "பாத்ரூமுக்கும் வருது ஆண்ட்டி. பேஜாராக்கீது. ஒருநாள்னா நான் ஒண்டியா பஸ்ல வரணும்" என்பாள்.

ஒருநாள் வந்தேவிட்டாள். தோளில் பையை மாட்டிக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக உள்ளே நுழைந்து, "ஆண்ட்டி! ரெண்டு பஸ்ஸு! ஒண்டியா!" என்று கூவினாள். எனக்கே பெருமையாக இருந்தது. தட்டிக்கொடுத்து வார்டில் படுக்கவைத்துவிட்டு வெளியே வந்தால், நடைபாதைத் தூணுக்குப் பின்னால் முக்காடு போட்டுக்கொண்டு அவள் அம்மா நிற்கிறாள். ரெண்டு பஸ்ஸிலும் பின்சீட்டில் ஒளிந்து உட்கார்ந்து வந்திருக்கிறாள். "சொல்லிடாதீங்க மேடம், கோச்சுக்கும்" என்று என் கையைப் பிடித்தாள். அன்றைக்கு நாங்கள் ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வார்டு பாய் எட்டிப் பார்த்தான். அவள் அப்படிச் சிரித்து அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

புருஷன் என்று ஒருவர் இருந்தார். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் சாம்பல் லாரி ஓட்டுகிறவர், ஏஞ்சலுக்கு நோய் என்று தெரிந்ததும் வேறு பக்கம் போய்விட்டார். மூத்த மகன் பிரவீன்தான் துணை, ஐ.டி.ஐ. முடித்தவன். அவனுடைய மஜ்ஜை தங்கைக்கு அப்படியே பொருந்துகிறது என்று சென்னையில் சொன்னார்கள். நல்ல மஜ்ஜையை வைத்துவிட்டால் நல்ல ரத்தம் ஊறும். இந்த நோய்க்கு நிஜமான வழி என்று இருப்பது அது ஒன்றுதான். அவள் ஓடிவந்து என் வாயில் மைசூர்பாகைத் திணித்தாள். "அண்ணங்காரனே இட்டுக்கினு போறான் மேடம்!" என்றாள். இந்த முறை நான் திருத்தவில்லை. கிட்டத்தட்ட அது உண்மை.

மாற்று சிகிச்சைக்கு முன்னால் குடும்பத்தில் எல்லோருக்கும் அந்த மரபணுவைப் பார்ப்பது முறை. பார்த்தார்கள். பிரவீனுக்கும் அதே பழுது இருந்தது. ஒரு நாள்கூடக் காய்ச்சலென்று படுக்காத பையன். பெற்றவளுக்கும் இருந்தது. சில பேருக்கு அது இருந்தும் ஒன்றும் செய்யாமல் சும்மா கிடக்கும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. பிரவீன் மஜ்ஜை உதவாது என்றார்கள். வெளியில் பொருந்துகிற ஆள் கிடைக்கவில்லை. அன்றைக்கு இருந்த டாக்டர் வேறு ஒருவர், அவசரக்காரர். "உங்ககிட்டருந்துதாம்மா பொண்ணுக்கு வந்திருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவள் என்னிடம் வந்தபோது கூட யாரும் இல்லை. ஆள் இல்லாமல் அவள் அந்தக் கதவருகே வந்து நான் பார்த்ததே இல்லை.

"நான்தான் மேடம் இட்டாந்துருக்கேன்."

"அக்கா, அது நீங்க பண்ணினது இல்ல. கருவாகும்போதே வந்தது. அதோட முடிஞ்சுது."

"பன்னெண்டு வருசமா ஒரு நிமிசம் உடாம கூடவே சுத்துனேனே. பக்கத்துலயே படுத்துக்கினேன். ஒரே தட்டுல துன்னோம். நான் கொஞ்சம் தள்ளி இருந்திருந்தா இம்மாம் ஏறியிருக்குமா?"

நான் படித்ததெல்லாம் எதற்கு? படம் போட்டுக் காட்டினேன். ஒட்டுகிற நோய் இல்லை, தொட்டால் வராது, கூட இருந்தால் அதிகமாகாது, விலகினால் குறையாது என்று தொண்டை வற்றச் சொன்னேன். "செரி மேடம்" என்றாள். எல்லாவற்றுக்கும் "செரி மேடம்" என்றாள். அடுத்த முறை ஏஞ்சலை வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, அவள் ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டிலும் அப்படித்தான் என்று ஏஞ்சல் சொன்னாள். தனித் தட்டு, தனிப் பாய். தலை பின்னிவிடுவது பக்கத்து வீட்டுப் பெண். ரத்தம் கொடுக்க வருகிறவர்களையும் அவள் கூட்டி வருவதை நிறுத்திவிட்டாள். வழி சொல்லி அனுப்பினாள், பலர் வந்து சேரவில்லை. நான் நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்று, அந்தக் குழந்தைக்குப் பதில் ஆள் கேட்கக் கூடாது என்று எழுதி வாங்கினேன். ஏஞ்சல் இப்போது எங்கேயும் தனியாகப் போகலாம். யாரும் பின்னால் வரமாட்டார்கள். ஊசி குத்தும்போது அவள் ஃபேனைப் பார்த்துக்கொண்டே ஒருநாள் கேட்டாள்: "ஆண்ட்டி, எங்கம்மாவுக்கு என் மேல இன்னா கோவம்? பஸ்ல ஒண்டியா வரணும்னு சொன்னேனே, அதுக்கா?"

நான் அன்றைக்கு பஸ் ஸ்டாப்புக்கே போய் அவளைத் திட்டினேன். "உங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? பெத்த புள்ள ஏங்கிப் போகுது!" என்று கத்தினேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்று கேட்டுக்கொண்டாள். "அதுக்கு நல்லதுதான் மேடம். நீங்க போங்க, அது ஒண்டியா கீது" என்றாள்.

வருடக்கணக்கில் ரத்தம் ஏற்றினால் உடம்பில் இரும்பு சேரும். அதை வெளியேற்ற மாத்திரை உண்டு, ஏஞ்சலும் கரைத்துக் குடித்தாள். ஆனாலும் இரும்பு அவள் இதயத்தில் போய்ப் படிந்துவிட்டது. ஒரு மழைக்காலத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவளை எங்களிடமே சேர்த்தோம். சென்னைக்குக் கொண்டுபோகிற நிலையைத் தாண்டிவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் காலை, பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிடலாம் என்று டாக்டர் வந்து சொன்னார். ஏஞ்சலுக்கு நினைவு இருந்தது. "அம்மாவ வரச் சொல்லு ஆண்ட்டி" என்றாள்.

அவள் நடைபாதையில் நின்றிருந்தாள். நான் தோளைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. "போங்கக்கா. கூப்புடுறா. எத்தன ஆம்பளைங்க கையப் புடிச்சுக்கிட்டு நின்னீங்க!" என்று கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன்.

"நான் கிட்ட போனா போயிடும் மேடம். இங்கருந்தே பாத்துக்கினு இருந்தா கொஞ்ச நேரம் இருக்கும். பொழச்சாலும் பொழச்சுக்கும். நீங்க போங்க."

அப்போதும் அவளுக்கு நம்பிக்கை இருந்தது. அதுதான் கொடுமை. கதவுக்கு நேராக, மகள் கண்ணில் படுகிற மாதிரி வந்து நின்றாள். அதற்கு மேல் ஒரு அடி வைக்கவில்லை. பிரவீன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் உட்கார்ந்தோம். ஏஞ்சல் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை கையை நீட்டி வா என்று கூப்பிட்டாள். அவளும் அங்கிருந்தே கையை நீட்டினாள். மதியத்துக்கு முன் எல்லாம் முடிந்துவிட்டது.

அமரர் ஊர்தி வந்து நின்றது. ஏஞ்சலை உள்ளே வைத்து, பிரவீன் முன்னால் ஏறிக்கொண்டான். பின்கதவு திறந்தபடி இருந்தது. அவள் அழவில்லை. முந்தானையால் ரெண்டு உள்ளங்கையையும் அழுத்தித் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மேடம், இனிமே நான் பக்கத்துல குந்துனா அதுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

"ஆகாதுக்கா," என்றேன். "ஏறுங்க."

அவள் ஏறி மகளை ஒட்டி உட்கார்ந்தாள். துணியை விலக்கி அந்தச் சின்னக் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு, குனிந்து, "தோ வந்துட்டேன்டி" என்றாள்.